உப்பளமும் சங்கீதமும்

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சங்கீதம். உப்பளத்துக்காரர்களிடம் வந்து சங்கீதத்தைப் பற்றி என்ன பேச்சு, கூலியைப் பற்றிப் பேசலாகாதா என்று இங்கு வந்தவுடனேயே ஒரு தோழர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கூலி விஷயம் உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அது உங்கள் வயிற்றுக்கே தெரியும். சங்கீத விஷயம் அப்படியல்ல. அது நமக்கு ஏற்பட்டதல்ல, அது பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று நீங்களே ஒப்புக்கொண்டு ஒதுங்கி நிற்கிறீர்கள். கூலி குறைந்தால் சண்டை போடுகிற நீங்கள், இந்தச் சொத்து போனதற்கு ஒரு நாளாவது சண்டை போட்டதுண்டா? போனது என்றே தெரியாதபோது சண்டை எங்கிருந்து வரும்?

இதை இப்போது எடுத்துப் பேசுவதற்கு ஒரு காரணமும் உண்டு. சென்னையில் டி. எம். கிருஷ்ணா என்று ஒரு சங்கீத வித்வான் இருக்கிறார். 1976-இல் பிறந்தவர். செம்மங்குடி சீனிவாசய்யரிடம் பாடம் கேட்டவர். கர்நாடக சங்கீத மேடையில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். பிறப்பால் பார்ப்பனர். இப்பேர்ப்பட்டவர் சும்மா பாடிக்கொண்டு, சால்வை வாங்கிக்கொண்டு, அமெரிக்காவுக்குப் போய் வந்துகொண்டு சுகமாயிருக்கலாம். அவரை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் தோழர் கிருஷ்ணா (எல்லோரையும் தோழர் என்பதே நமது வழக்கம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்) தாம் பாடும் பாட்டைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்தார். யோசனை என்பது ஒரு பொல்லாத காரியம். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிற்காது. 2013-இல் கர்நாடக சங்கீதத்தின் கதையை இங்கிலீஷில் ஒரு பெரிய புஸ்தகமாக எழுதினார். அதற்குப் பிறகும் எழுதியும் பேசியும் வருகிறார்.

அவர் சொல்லுவது என்ன? சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். இன்று கச்சேரி என்று நடக்கிற முறை, அதாவது முதலில் வர்ணம், பிறகு கீர்த்தனைகள், நடுவில் ஒரு பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா, மங்களம் என்கிற இந்த வரிசை, வேதத்தில் விதித்ததல்ல. சென்ற நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் காலத்தில் ஏற்பட்டு நிலைத்துப்போன ஒரு ஏற்பாடு. மனிதன் செய்த ஏற்பாட்டை மனிதன் மாற்றலாம். ஆகவே அவர் வர்ணத்தை நடுவில் பாடினார், வரிசையைக் கலைத்தார். சங்கீதத்தின் உயிர் இராகத்திலும் தாளத்திலும் இருக்கிறதே தவிர பக்தியில் இல்லை என்றார். இந்தச் சங்கீதம் ஒரே ஜாதியாரின் கைக்குள் போய்ச் சுருங்கிவிட்டது, அதனால் கலைக்கே நஷ்டம் என்றார். பாடுகிறவன் தன்னைப் பெருமைப்படுத்திக்கொள்ளப் பாடுவது கலை அல்ல, பாட்டு அவனையே கேள்வி கேட்கவேண்டும் என்பதும் அவரது கருத்து.

இதில் நமக்குப் புதிதாக ஏதேனும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். முக்கால்வாசி நம்மவர்கள் எப்போதோ சொன்னதுதான். ஆனால் நாம் வெளியிலிருந்து சொன்னபோது "சங்கீத ஞானமில்லாதவர்கள் பொறாமையால் சொல்லுகிறார்கள்" என்று தள்ளிவிட்டார்கள். இவரை அப்படித் தள்ள முடியவில்லை. அதுதான் வித்தியாசம்.

சங்கீதம் தெய்வீகம் என்கிறார்களே, அந்தப் பேச்சைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். தெய்வீகம் என்று சொன்னவுடன் என்ன நடக்கிறது? அதைத் தொடுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டும் என்றாகிறது. யோக்கியதை பூர்வஜன்ம வாசனையால் வருவது என்றாகிறது. பூர்வஜன்மத்துக்கு அத்தாட்சி என்ன என்றால், இந்த ஜன்மத்தில் எந்த வீட்டில் பிறந்தாய் என்பதே அத்தாட்சி! கோயில் கதவைப் பூட்டியதும் இதே பூட்டு, பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் இதே பூட்டு. குரல் என்பதோ தொண்டைக்குள் இருக்கிற இரண்டு சிறு சதை மடிப்புகள், நுரையீரல் காற்று மோதி அதிர்வதால் உண்டாகிற சப்தம். அந்த மடிப்பு எல்லா ஜாதித் தொண்டையிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நிற்க. இந்த மரக்காணத்தைப் பற்றியே ஒரு சங்கதி சொல்லவேண்டும். சங்க இலக்கியத்தில் சிறுபாணாற்றுப்படை என்று ஒரு நூல் உண்டு. சின்ன யாழை வைத்துப் பாடிப் பிழைக்கும் பாணர்களை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகும்படி வழி சொல்லும் நூல். அந்த வழியில் எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரைப் பட்டினம் வருகிறது. அது இந்த மரக்காணந்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். அந்தப் பட்டினத்துப் பரதவர் வீடுகளில் பாணர்களுக்குச் சுட்ட மீன் கிடைக்கும் என்று நூல் சொல்லுகிறது. உப்பு வண்டி ஓட்டிப்போகும் உமணர்களும், வண்டியோடு வரும் அவர்களது குழந்தைகளும்கூட அதில் வருகிறார்கள். ஆக, சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் இந்தக் கரையில் சங்கீதக்காரனும் உப்புக்காரனும் ஒரே பாதையில் நடந்திருக்கிறார்கள். சங்கீதக்காரன் பசித்தபோது சோறு போட்டவர்கள் இந்தக் கரை ஜனங்கள்.

அந்தப் பாணன் வீடு எப்படி இருந்தது என்றும் அதே நூலில் இருக்கிறது. இடிந்த அடுக்களை. அதில் குட்டி போட்ட நாய். வீட்டுக்காரி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போட உப்பு இல்லை. உப்பில்லாத கீரையை உண்பதை அக்கம்பக்கத்தார் பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துக்கொண்டு குடும்பத்தோடு உண்கிறார்கள். தோழர்களே, புலவர்கள் இந்த இடத்தை வறுமையின் அழகு என்று வர்ணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு அதில் அழகு ஒன்றும் தெரியவில்லை. நாட்டுக்குப் பாட்டுக் கொடுத்தவன் வீட்டில் ஒரு கல் உப்பு இல்லை என்பதுதான் தெரிகிறது.

அந்தப் பாணன் பிறகு என்ன ஆனான்? பாட்டு கோயிலுக்குள்ளே போயிற்று. பாணன் வெளியே நிறுத்தப்பட்டான். திருப்பாணாழ்வார் கதையை வைணவர்களே சொல்லுவார்கள். அவர் காவிரிக் கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தாராம். கோயில் காரியக்காரர் கல்லால் அடித்தாராம். பிறகு பகவானே சொல்லி, அந்தக் காரியக்காரர் ஆழ்வாரைத் தம் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாராம். இதைச் சமத்துவத்துக்கு எடுத்துக்காட்டாகக் காலட்சேபம் செய்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவரைத் தம் காலால் நடந்து உள்ளே போக ஏன் விடவில்லை?

தோளைப் பற்றிச் சொன்னவுடன் துண்டு ஞாபகத்துக்கு வருகிறது. செட்டிநாட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாகஸ்வர வித்வான் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசித்தார் என்பதற்காக அதை எடுக்கச் சொல்லி ரகளை செய்தார்கள். "எடுக்காதே, வாசி" என்று பக்கத்தில் நின்று சண்டை போட்டவர் நமது பட்டுக்கோட்டை அழகிரி. உள்ளத்தை வெளியிடுவதே கலை என்று பெரிய பெரிய வித்வான்கள் பேசுகிறார்கள். வேர்வையைத் துடைத்துக்கொள்ளத் துண்டுக்கே அனுமதி இல்லாதவன் எந்த உள்ளத்தை வெளியிடுவான்?

இந்தச் சங்கீதத்தில் மிக உயர்ந்தது மனோதர்மம் என்பார்கள். ஆலாபனை, நிரவல், கற்பனைஸ்வரம் ஆகியவற்றில் பாடகன் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமல் அந்தந்த நிமிஷத்தில் தன் மனம் போகிற வழியில் இராகத்தைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். கேட்கக் கேட்க நன்றாயிருக்கும் விஷயந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் சபைக்கு உள்ளே மனோதர்மம், வாசலிலே மனுதர்மம் என்றல்லவா இத்தனை காலமும் நடந்தது?

வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் மிருதங்கம் செய்கிறவர்களும் அடக்கம். மிருதங்கம் எதனால் ஆனது? பலாக்கட்டை, நம் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு அதில் நல்ல பேர். இரண்டு பக்கமும் மூட்டுவது பசுத்தோலும் ஆட்டுத்தோலும். இழுத்துக் கட்டுகிற வார் எருமைத்தோல். கல்லைப் பொடி செய்து சோற்றோடு பிசைந்து அந்தக் கருப்பு வட்டத்தைப் போட்டு, தேய்த்துத் தேய்த்து நாதம் வரவழைப்பவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடும்பங்களில் பிறந்த கிறிஸ்தவத் தொழிலாளிகள். காதுக்குள்ளே சுருதியை வைத்துக்கொண்டு செய்கிற வேலை அது, கைவேலை மட்டுமல்ல. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்பவரின் கையும் காதும் இருந்தன. இந்தக் குடும்பங்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசி, தோழர் கிருஷ்ணா 2020-இல் "செபாஸ்டியன் அண்டு சன்ஸ்" என்று ஒரு புஸ்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தர முதலில் ஒப்புக்கொண்டது கலாக்ஷேத்திரம். புஸ்தகத்தின் ஒரு பகுதி பத்திரிகையில் வந்தவுடன் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. மாட்டுத்தோலை மேடையில் ஏற்றி மாலை போடலாம். மாட்டுத்தோல் என்று வாயால் மட்டும் சொல்லக் கூடாது!

பெண்கள் விஷயமும் ஒன்று உண்டு. தாசி முறையை ஒழிக்க மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது. பொட்டுக் கட்டும் அக்கிரமம் ஒழியவேண்டியதுதான். ஆனால் அந்தக் குடும்பப் பெண்கள் தலைமுறை தலைமுறையாய்க் காத்த பாட்டும் ஆட்டமும் அவர்களிடமே மானத்தோடு இருந்திருக்க வேண்டாமா? தொழிலுக்கு இழிவு என்று பேர். அதே கலை வேறு வீட்டுக்குப் போனவுடன் பரதக்கலை, புனிதக்கலை என்று பேர். இதைத் தனியாக ஒரு நாள் பேசவேண்டும்.

இனி, தோழர் கிருஷ்ணாவோடு நமக்குள்ள ஒரு அபிப்பிராய பேதத்தையும் சொல்லிவிடுகிறோம். பாட்டில் வார்த்தையின் அர்த்தம் பெரிதல்ல, வார்த்தை நாதத்துக்கு ஒரு பாத்திரம் என்பது அவரது சித்தாந்தம். கலையைப் பற்றிய பேச்சாக இதை நாம் புரிந்துகொள்ளுகிறோம். புல்லாங்குழலுக்கும் நாகஸ்வரத்துக்கும் வார்த்தை ஏது? இருந்தும் ஜனங்கள் உருகித்தானே கேட்கிறார்கள்? ஆனாலும் அர்த்தம் தெரியாமல் கேட்டுக்கொண்டிரு என்று நெடுங்காலமாய் உத்தரவு போடப்பட்ட ஜனங்களிடம் வந்து அர்த்தம் முக்கியமல்ல என்று சொன்னால், அது வேறு மாதிரி காதில் விழும். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக்காகத் தீர்மானம் செய்து, 1943-இல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டதே, அது எதற்காக? தமிழ்நாட்டில் தமிழன் காசு கொடுத்துக் கேட்கும் பாட்டு அவனுக்குப் புரியட்டும் என்பதற்காக. அதற்கும் மேலே, தமிழில் பாடினால் மட்டும் போதாது, பாட்டின் விஷயமும் அறிவுக்கு ஒத்ததாயிருக்கவேண்டும் என்று பெரியார் சொன்னார். 1946-இல் திருவையாற்றுத் தியாகராஜர் உற்சவ மேடையில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியதற்கு மேடை தீட்டாய்விட்டது என்று பேச்சுக் கிளம்பி, "குடி அரசு" அதைக் கண்டித்து எழுதியது. இத்தனைக்கும் தேசிகர் பாடியது பிள்ளையார் பாட்டு! சாமியைத் தமிழில் கூப்பிட்டாலே தீட்டு என்றால், அர்த்தம் முக்கியமில்லை என்று யார் சொல்ல முடியும்? எதிரிகளே அதை முக்கியம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

நியாயமாய்ச் சொன்னால், அவரும் அந்தச் சித்தாந்தத்தோடு நின்றுவிடவில்லை. எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதிய தமிழ்க் கீர்த்தனைகளை மேடையேற்றினார். 2018-இல் ஏசுவைப் பற்றிக் கர்நாடக இராகத்தில் பாடிய பாடகர்களை மிரட்டியபோது, மாதம் ஒரு பாட்டு ஏசு பேரிலோ அல்லா பேரிலோ வெளியிடுவேன் என்று கிளம்பினார். நமக்கு ஏசுவும் ஒன்றுதான், இராமனும் ஒன்றுதான். ஆனால் மிரட்டலுக்குப் பணியாததை மெச்சுகிறோம். வைக்கம் போராட்ட நூற்றாண்டை ஒட்டி 2023-இல் பெருமாள்முருகன் பெரியாரைப் பற்றி எழுதிய பாட்டையும் பாடினார். அதன் பலன் அடுத்த வருஷம் தெரிந்தது.

அந்தக் கதையைச் சொல்லுமுன் எண்ணூருக்குப் போய் வருவோம். ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் உங்கள் ஊரில்தான் வந்து முடிகிறது. ஒரு காலத்தில் இந்த ஊர் உப்புப் படகில் ஏறி அதன் வழியாகத்தான் சென்னைக்குப் போயிற்று. அந்தக் கால்வாய் கடந்துவரும் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின்நிலையச் சாம்பலைக் கொட்டியும் தூர்த்தும் மீனவர் பிழைப்பில் மண் விழுந்தது. 2017-இல் தோழர் கிருஷ்ணா அந்த இடத்துக்கே போய் உட்கார்ந்து புறம்போக்குப் பாடல் என்று ஒன்று பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி. மெட்டு கர்நாடக இராகமாலிகை. பாஷை சென்னைத் தெருப் பாஷை. புறம்போக்கு என்பது ஊருக்கெல்லாம் பொதுவான நிலம். யாருக்கும் தனிச் சொத்தல்லாத நிலம் என்பதாலேயே அந்த வார்த்தை வசவாகிவிட்டது பாருங்கள்! உப்பளமும் கழுவெளியும் சூழ வாழும் உங்களுக்கு இதற்கு மேல் வியாக்கியானம் தேவையில்லை. நமக்குத் தோன்றுவது என்னவென்றால், சங்கீதமும் ஒரு காலத்தில் புறம்போக்காய்த்தான் இருந்தது. யாரோ பட்டா வாங்கிக்கொண்டார்கள்.

2015 முதல் சென்னையில் ஊரூர்–ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குப்பத்தில் விழா நடத்தவும் அவர் காரணமாயிருந்தார். மார்கழி சீசன் சபைகளில் இனிப் பாடுவதில்லை என்றும் அதே வருஷம் அறிவித்தார். இதைக் கேட்டுச் சிலர், சங்கீதத்தைக் குப்பத்துக்குக் கொண்டுபோய்ப் பிச்சை போடுகிறார் என்றார்கள். குப்பத்துக்காரனுக்குப் பாட்டே கிடையாதா என்றும் கேட்டார்கள். இந்தக் கேள்வியை நாமும் கேட்கத்தான் செய்கிறோம். கச்சேரி கீழே இறங்கி வந்து நமக்குத் தரிசனம் கொடுக்கவேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. இந்த விழுப்புரம் சீமையில் கூத்து இல்லாத ஊர் உண்டா? கூத்து வாத்தியார் விடிய விடிய, மைக் இல்லாத காலத்திலும் ஊர் எல்லை வரைக்கும் கேட்கும்படி பாடினாரே, அவர் பாடிய மோகனத்துக்கு என்ன குறைச்சல்? சபையில் பாடினால் சாஸ்திரீயம், களரியில் பாடினால் நாட்டுப்புறமா? ஆனால் அந்த விழாவில் நடந்தது பிச்சை போடுவதல்ல. பறையும் கூத்தும் கானாப் பாட்டும் அதே மேடையில் கச்சேரிக்குச் சரிசமமாய் நின்றன. பிறகு பி. இராஜகோபால் அவர்களின் கட்டைக்கூத்துக் குழுவோடு ஒரே மேடையில் அவர் பாடியும் இருக்கிறார். கூத்துக்காரர் கட்டைக்குத் தம் குரல் எட்டுகிறதா என்று வித்வான் பார்க்கவேண்டி வந்ததே, அதை நாம் விரும்புகிறோம்.

சரி, 2024-ஆம் வருஷத்துக் கதை. சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் ஏற்பட்டது. அது கொடுக்கும் "சங்கீத கலாநிதி" பட்டத்துக்கு மேல் இந்த வட்டாரத்தில் பட்டமில்லை. 2024 மார்ச்சில் அது தோழர் கிருஷ்ணாவுக்கு என்று அறிவித்தார்கள். உடனே சில வித்வான்களும் விதூஷிகளும், இவர் தலைமை வகிக்கும் விழாவில் நாங்கள் பாடமாட்டோம் என்று எழுதினார்கள். சுருதி பிசகினாரா? தாளம் தப்பினாரா? அதெல்லாமில்லை, பெரியாரைப் புகழ்ந்தார் என்பது குற்றச்சாட்டு! சங்கீதம் வேறு, அரசியல் வேறு என்று இத்தனை காலம் நமக்கு உபதேசம் செய்தவர்கள், ஒரே நாளில் வேஷத்தைக் கலைத்துவிட்டார்கள். அகாடமியார் பணியவில்லை. அந்த டிசம்பரில் அவர் அங்கு மறுபடியும் பாடினார். 2025 ஜனவரி 1-ந் தேதி பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். நமக்கு இதில் சந்தோஷந்தான். ஆனால் கூடவே ஒன்றை மறக்கக் கூடாது. இதே பேச்சைப் பேசிய ஒரு தவில்காரருக்கோ பறைக்காரருக்கோ பட்டம் வந்திருக்குமா, அடி வந்திருக்குமா? அவருக்கும் இது தெரியாததல்ல. தமக்குப் பிறப்பால் கிடைத்த சலுகையைப் பற்றி அவரே பேசுகிறார்.

கடைசியாக உங்கள் விஷயத்துக்கு வருகிறோம். பருவ ஆரம்பத்தில் அளத்தில் பாத்தி மிதிக்கிறீர்கள். பத்துப் பேர் வரிசையாய் நின்று ஒரே காலாக மிதித்தால்தான் பாத்தி கெட்டிப்படும். ஒருவர் கால் பிசகினால் மற்றவருக்குத் தெரியும். அது தாளமல்லாமல் வேறு என்ன? வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் கூச, வாரு பலகையை இழுக்கும் கைக்கு ஒரு நடை இருக்கிறது. உங்களிடம் இல்லாதது தாளமல்ல, நேரம். விடியுமுன்னே அளத்துக்குப் போய், வெயில் ஏறித் திரும்பி, காலில் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிற பெண்ணுக்கு மனோதர்மம் பாட நேரம் ஏது? மழைக் காலத்தில் நேரம் உண்டு; அப்போது வேலை இல்லை, சோறு இல்லை. பாணன் வீட்டு உப்பில்லாக் கீரை போல, உப்பு விளைவிக்கிறவர் வீட்டில் உப்பு மட்டுந்தான் மிச்சம்.

ஆகவே நாம் கேட்பது சபையில் இலவச டிக்கெட்டல்ல. இந்தச் சுற்று வட்டாரத்துச் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பாட்டு வாத்தியார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நாளைக்கே போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கணக்குப் பாடத்துக்கு வாத்தியார் இல்லையென்றால் மனு கொடுப்பீர்கள் அல்லவா? பாட்டுக்கும் கொடுங்கள். கூத்து வாத்தியார்களில் உயிரோடிருப்பவர்களைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்பளம் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண் குழந்தை முணுமுணுத்துக்கொண்டே கோலம் போட்டால் "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். இந்த ஒன்றுக்கு மனுக்கூடத் தேவையில்லை.

மழையில்லா மாதங்களில் பொழுது விடியுமுன் அளத்தில் இருக்கவேண்டியவர்கள் நீங்கள். இதற்கு மேல் உட்காரவைப்பது நியாயமல்ல. உங்கள் ஊர்க் கூத்துக்காரர்கள் இரண்டு பேர் முகவீணையோடு அங்கே காத்திருக்கிறார்கள். அவர்கள் பாடட்டும், நாம் இறங்கிக்கொள்கிறோம்.